ரிலீஸ் நாளிலேயே டிஎல்சி: 3,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27, கோவையில் வேலை. பிடித்தம் போக மாதம் 38,000 ரூபாய் கைக்கு வருகிறது. பிசி கேம்தான் ஒரே பொழுதுபோக்கு. போன வருடம் மூன்று கேம்களை வெளியான அன்றே வாங்கினேன். சாதாரணப் பதிப்பு ஒவ்வொன்றும் 3,999 ரூபாய். முதல் நாளே டிஎல்சி (கேமோடு சேராமல் தனியாக விற்கும் கூடுதல் பகுதி) என்று சில கதாபாத்திரங்களுக்கும் மிஷன்களுக்கும் தனியாகப் பணம் கேட்டார்கள். எதுவும் விட்டுப்போகக் கூடாதே என்று மூன்றிலும் அவையும் சேர்ந்த 6,999 ரூபாய் அல்டிமேட் எடிஷனையே எடுத்தேன். ஏமாந்த மாதிரி இருக்கிறது. ஆனாலும் அடுத்த மாதம் வரும் கேமையும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் அதே 6,999 ரூபாய்க்கு முன்பதிவு செய்துவிட்டேன். நான் செய்வது தப்பா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. முழு விலை கொடுத்தவரிடம் அன்றைக்கே இன்னொரு பில்லை நீட்டினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? 2012 மார்ச்சில் மாஸ் எஃபெக்ட் 3 வந்தபோதும் இதே சண்டைதான். 60 டாலர் கேம். கதையோடு நெருங்கிய தொடர்புள்ள ஜாவிக் என்ற கதாபாத்திரம் வேண்டுமென்றால், சாதாரணப் பதிப்பு வாங்கியவர்கள் இன்னும் 10 டாலர் கட்ட வேண்டும். டிஸ்க் அச்சுக்குப் போன பிறகு குழுவுக்குக் கிடைக்கும் நேரத்தில் செய்ததைத்தான் தனியாக விற்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதே மாதம் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கனில், பின்னால் விற்பதற்கான 12 கதாபாத்திரங்கள் டிஸ்க்குக்குள்ளேயே பூட்டிக் கிடந்தன. அங்கே அந்தச் சமாதானம் எடுபடாது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். மூன்று கேமுக்கும் கூடுதலாகக் கொடுத்தது 9,000 ரூபாய். மாதச் சம்பளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. அந்தப் பணத்துக்கு வந்த மிஷன்களில் எத்தனையை முடித்தீர்கள் என்று ஸ்டீமில் அச்சீவ்மெண்ட் பட்டியலைத் திறந்து பாருங்கள். பாதிகூட இல்லையென்றால், விட்டுப்போய்விடுமோ என்ற பயத்துக்குத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள். அல்டிமேட் எடிஷனோடு, பின்னால் வரும் டிஎல்சிகளுக்கான சீசன் பாஸும் வந்தால் இன்னும் மோசம். இனிமேல்தான் தயாராகப் போகும் பொருளுக்கு இன்றே முழுப் பணம் கொடுக்கிறீர்கள். அது நன்றாக வருமா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நீங்கள் கேமை விட வேண்டாம். சம்பாதிக்கிறவருக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும்தான். தனியாக விளையாடும் கதை கேம் என்றால் ஒரு வருடம் பொறுங்கள். த விட்சர் 3 வந்தது 2015 மே மாதம். தனியாக விற்ற இரண்டு பெரிய விரிவாக்கங்களும் சேர்ந்த முழுத் தொகுப்பு 2016 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. நண்பர்களோடு முதல் வாரமே ஆன்லைனில் இறங்க வேண்டும் என்றால் மட்டும் உடனே வாங்குங்கள், அதுவும் டிஎல்சி சேராத பேஸ் எடிஷன் போதும். அதை முடித்த பிறகும் ஆசை இருந்தால் அப்புறம் டிஎல்சி வாங்கலாம். வாங்கிய 14 நாளுக்குள், அதன் பிறகு கேமை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், ஸ்டீமில் பெரும்பாலான டிஎல்சிகளுக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். திருப்பித் தர முடியாதவை என்றால் ஸ்டோர் பக்கத்திலேயே குறித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடுத்த மாத கேம் இன்னும் வெளியாகவில்லை அல்லவா? ஸ்டீமில் முன்பதிவை வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து பணத்தை வாங்கிக்கொள்ளலாம். இன்று இரவே ரத்து செய்யுங்கள். டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது.