புற்றுநோய் சடுதிமாற்றங்களும் கணினியும்: கேள்வி பதில்

கேள்வி: கட்டி வந்தபிறகுதான் டிஎன்ஏவைப் படிக்கிறோம். என்றோ நடந்த சடுதிமாற்றம் எதனால் வந்தது என்று இப்போது எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: டிஎன்ஏவைக் கெடுக்கும் பலவும் தனித்தனித் தடம் விட்டுப் போகின்றன. டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளில், புற ஊதாக் கதிர் பட்டால் சி எழுத்து டி ஆகும், அடுத்தடுத்த இரண்டு சி சேர்ந்தே டிடி ஆவதும் உண்டு. புகையிலைப் புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற வேதிப்பொருள் பெரும்பாலும் சி-யை ஏ ஆக்கும்.

கேள்வி: சடுதிமாற்றங்களை 96 வகையாகப் பிரிக்கிறார்களே, அதென்ன 96 வகை?

பதில்: எழுத்து மாற்றம் 6 வகை (டிஎன்ஏவின் எதிர் இழையில் தெரியும் அதே மாற்றத்தைத் தனியாக எண்ணுவதில்லை). மாறிய எழுத்துக்கு இடப்பக்கத்து எழுத்துக்கு 4 வாய்ப்பு, வலப்பக்கத்துக்கு 4. பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஒரே கட்டியில் நாலைந்து காரணங்கள் கலந்திருந்தால்?

பதில்: கலந்துதான் இருக்கும். ஒவ்வொரு கட்டியிலும் இந்த 96 வகையும் எத்தனை என்று எண்ணி ஒரு பெரிய அட்டவணை போடுகிறோம். அதை இரண்டாகப் பிரிக்கிறது கணினி: ஒன்றில் தடங்கள், இன்னொன்றில் ஒவ்வொரு கட்டியிலும் அவற்றின் பங்கு. எந்த எண்ணும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதே நிபந்தனை. ஒரு காரணம் சடுதிமாற்றத்தைக் கூட்டலாம், கழிக்க முடியாதே! 2013-ல் ஆய்வாளர் அலெக்சாண்ட்ரோவின் குழு 7,042 கட்டிகளில் இப்படித்தான் 20-க்கும் மேற்பட்ட தடங்களைப் பிரித்தது. சிக்கல் எங்கே என்றால், மொத்தம் எத்தனை தடம் என்று முடிவு செய்வதில். கூட்டிச் சொன்னால் ஒரே தடம் இரண்டாக உடையும், குறைத்தால் இரண்டு ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். எந்த ஆய்வுக்கட்டுரையிலும் நான் முதலில் தேடுவது இந்த எண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத்தான்.

கேள்வி: என்னிடம் சில கட்டிகளின் எக்ஸோம் (டிஎன்ஏவில் புரதத்துக்கான குறிப்புள்ள பகுதி) தரவு மட்டும் இருக்கிறது. புதுத் தடம் தேடலாமா?

பதில்: வேண்டாம். எக்ஸோம் என்பது மொத்த ஜீனோமில், அதாவது முழு டிஎன்ஏவில், 2 சதவீதம்கூட இல்லை. கிடைக்கும் சொற்ப மாற்றங்களை 96 கட்டங்களில் பரப்பினால் பாதிக் கட்டம் காலியாகக் கிடக்கும். இதுவரை கண்டறிந்த தடங்களைத் தொகுத்திருக்கும் காஸ்மிக் தரவுத்தளத்தில் உள்ள தடங்களைப் பொருத்திப் பாருங்கள், அதிலும் அந்தப் புற்றுநோய்க்கு ஒத்துவருபவற்றை மட்டும். எல்லாவற்றையும் கொடுத்தால், இல்லாத தடத்துக்கும் மென்பொருள் பங்கு பிரித்துக் கொடுத்துவிடும். மாதிரி, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் கிடந்ததா என்றும் கேளுங்கள். ஃபார்மலினே சி-யை டி ஆக மாற்றிக் காட்டும்.

கேள்வி: தடம் கிடைத்தால் காரணம் கிடைத்த மாதிரிதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். கணினி வடிவத்தைத்தான் காட்டும், காரணத்தை ஆய்வகத்தில்தான் உறுதி செய்ய வேண்டும். குடலில் வாழும் சில ஈ.கோலை பாக்டீரியாக்கள் கோலிபாக்டின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன. ஆய்வகத்தில் வளர்த்த மனிதக் குடல் ஆர்கனாய்டுகளுக்குள் (குடல் போன்ற குட்டித் திசு உருண்டைகளுக்குள்) அவற்றை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செலுத்தி, பிறகு ஜீனோமைப் படித்தார்கள். அங்கே பதிந்த தடம் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகள் சிலவற்றிலும் இருந்தது. 2020-ல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகுதான் அந்தத் தடத்தின் மேல் கோலிபாக்டின் பெயரை எழுத முடிந்தது.