வெடித்த தாய் – கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

கிளிநொச்சியில் ஒரு சுடுமண் சிற்பக் கண்காட்சி பார்த்தேன். மண்டபம் நிறையக் கவிழ்த்து வைத்த தாழிகள், சில ஆளுயரம். ஒன்றின் பக்கத்தில் கை நுழையுமளவு பிளவு. உள்ளே எட்டிப் பார்த்தால் வளையம் வளையமாக விரல் தடங்கள். விளக்கக் குறிப்பு ஒன்றுமில்லை. தாழி என்றால் மரணம் என்று தெரியும். கவிழ்ந்த தாழி என்றால் என்ன? எங்களைப் போன்றவர்கள் இந்தக் குறியீடுகளை எப்படி விளங்கிக்கொள்வது?

அந்த உற்சாகத்தில் பள்ளிக்கூடத்தில் குளத்து மண்ணில் நாலடித் தாய் ஒன்று செய்தோம். வெறும் மடியோடு குந்தியிருப்பவள். நடுவில் இரும்புக் கம்பி நட்டு, சுற்றி மண் அப்பினோம். பாரம் தாங்காது என்று தலையை மட்டும் தரம் ஏழுப் பிள்ளைகள் உள்ளே வெறுமையாக, கோதாகச் செய்தார்கள். பத்து நாள் காயவிட்டு, பொச்சும் பனைமட்டையும் அடுக்கிச் சுட்டோம். ஒரு மணித்தியாலத்துக்குள் உடல் வெடித்துச் சிதறியது. தலை விடியும்வரை நெருப்பில் கிடந்து தப்பியது. ஆனால் இரண்டு கிழமைக்குப் பிறகு அதிலும் வெள்ளைப் புள்ளிகள் தள்ளி, தோல் உரிகிறது. மண்ணைச் சரியாக மிதிக்காததால் காற்று அடைபட்டுத்தான் உடல் வெடித்ததாம். அடுத்த முறை சீமெந்தில் செய்யச் சொல்கிறார்கள். என்ன வர்ணம் பூசலாம்?

ஒரு சித்திர ஆசிரியை, ஒட்டுசுட்டான்

அன்பின் ஆசிரியைக்கு,

வில்பத்துப் பக்கம் பொம்பரிப்பில் பழைய மக்கள் இறந்தவர்களின் எலும்புகளைத் தாழியிலிட்டுப் புதைத்தார்கள். வாய் நிலத்தைப் பார்த்தபடி நிற்கும் தாழி, உள்ளே வைக்க எதுவும் கிடைக்காத தாழி. வன்னியில் இதற்கு மேல் ஒரு குறிப்பு எழுதி ஒட்டினால் அது பார்க்க வருபவரை அவமதிப்பது. வர்ணப் பேச்சையும் விடுங்கள். சுட்ட மண்ணுக்கு எனாமல் வேண்டாம்.

காற்றுக் கதையைத்தான் என்னால் விட முடியாது. மண் வேலை தொடங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிக் கெடுக்கிறார்கள். உங்கள் சிலையிலேயே சாட்சி இருக்கிறது. முழுக்க முழுக்க காற்று நிறைந்த பாகம் எது? தலை. அதுதான் தப்பியது. இருநூறு பாகை சூட்டில் அடைபட்ட காற்று இரண்டு மடங்குகூட விரியாது, அதுவும் மண்ணின் நுண்துளை வழியே கசிந்து போய்விடும். நீர் அப்படியல்ல. ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வெளித்தோல் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் இருக்க, நெருப்பு ஏறினால் ஆவிக்குப் போக வழியில்லை. முதல் மணித்தியாலத்தில் வெடித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஈரத்தின் நேரம். மண்ணை மிதிக்கத்தான் வேண்டும், ஆனால் அது பதம் சீராக வருவதற்கு.

தடிப்பு இரண்டு மடங்கானால் காயும் காலம் ஏறக்குறைய நாலு மடங்கு. ஒரு அங்குலச் சுவர் பத்து நாளில் காயுமென்றால், உங்கள் தாயின் ஓரடித் தடிப்பான வயிற்றுக்குக் கணக்குப்படி நாலு வருடம் வேண்டும். தங்கச்சி, மடியை வெறுமையாக விட்டுவிட்டு உடம்பை மண்ணால் அடைத்துவிட்டீர்களே! பிளவுக்குள்ளே அந்த விரல் தடங்களைக் கண்ட கண்ணுக்கு இது எப்படித் தவறியது? மண் கயிறு திரித்து, வளையத்தின் மேல் வளையமாக வைத்து, உள்ளே விரலால் இழுத்து ஒட்டிய தடம் அது. ஆளுயரத் தாழி நிற்பது அந்தச் சுவரில். புதுக்கோட்டைப் பக்கத்து ஐயனார் குதிரைகளின் கால்களும் உள்ளே கோதான உருளைகள்தான்.

கம்பி இரண்டாவது பிழை. பச்சை மண் காய்ந்து சுடுபடும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 48 அங்குலம் சுமார் 43 ஆகும். கம்பி சுருங்காது, சூட்டில் நீளவும் செய்யும். வெடிக்காமல் இருந்திருந்தாலும் பிளந்திருக்கும்.

அடிச்சுவரை ஓர் அங்குலத் தடிப்பில் தொடங்குங்கள். அடியில் மணல் பரப்பி, அதன்மேல் பத்திரிகைத் தாள் போடுங்கள். சுருங்கும்போது அடி வழுக்கி நகர வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து அங்குலத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், பெருவிரலால் அழுத்தினால் அமுங்கக்கூடாது. அந்தப் பதத்தில்தான் அடுத்த வளையம். மேல்விளிம்பை மட்டும் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். வயிற்றுப் பகுதியில் குறுக்கே இரண்டு மண் தடுப்பு வைத்து, ஆவி போக வெளிச்சுவரிலும் அவற்றிலும் துளை விடுங்கள். இடுப்பிலும் கழுத்திலும் வெட்டி மூன்று துண்டாகச் சுட்டுப் பொருத்தினால் பிழையேயில்லை. சீனத்தில் 1974ல் கிடைத்த மண் படைவீரர்களுக்கும் தலை தனியாகத்தான் செய்யப்பட்டது.

தலையில் தள்ளும் வெள்ளைப் புள்ளி நத்தை ஓடு. குளத்து மண்ணில் அது இல்லாமல் இராது. நெருப்பில் சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்கி, மேலேயுள்ள மண்ணைத் தள்ளுகிறது. மண்ணைக் கூழாகக் கரைத்து நுளம்பு வலையில் வடித்தால் பெரிய துண்டுகள் நின்றுவிடும்; மாவாகப் போனது கெடுதி செய்யாது. கடல் மணல் கலக்கவே வேண்டாம், அதிலும் சிப்பி. சுட்டு ஆறியவுடன் சிலையைத் தண்ணீரில் ஊறப் போடுவது செங்கல் சுடுபவர்களின் பழைய வைத்தியம்.

காய்வதற்கு நிழலில் ஒரு மாதம். மாரியில் தொடங்காதீர்கள். சோளகத்தில் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து வெடிக்கும், ஆகவே காற்று வரும் பக்கம் சாக்குக் கட்டுங்கள். காய்ந்துவிட்டதா என்று கன்னத்தை வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம். சுடும்போது செங்கல் மேல் தூக்கி வைத்து, முதல் இரவு முழுக்க அடியில் சிறு தணல் மட்டும். துளையருகே கண்ணாடித் துண்டைப் பிடியுங்கள். அதில் ஆவி படிவது நிற்கும்வரை விறகு கூட்டக்கூடாது. 573 பாகையில் மணலின் படிகம் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அதனால் ஏற்றுவதைப் போலவே இறக்குவதும் மெதுவாக. வெறுங்கையால் தொடக்கூடிய சூட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள், இரண்டு நாளானாலும். கூரிய விளிம்போடு நீளமாக ஓடும் கீறல் ஆறும்போது வந்தது. சிப்பி போலத் தெறித்த சில்லு ஈரத்தால் வந்தது. சில்லுகளை எடுத்துப் பிள்ளைகளுக்கே காட்டுங்கள்.

சீமெந்து பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். முல்லைத்தீவுக் கடற்காற்றில் உள்ளே வைத்த கம்பி துருப்பிடித்துப் பருத்து, சிலையைப் பிளக்கும். அதைவிட, சீமெந்துத் தாய் உள்ளே நிறைந்தவளாகவே நின்றுவிடுவாள். நீங்கள் செய்ய நினைத்தவள் அவள் இல்லை.

உடைந்ததை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எல்லாத் துண்டுகளையும் ஒரு கிழமை தண்ணீரில் போடுங்கள். நெருப்பு எட்டாதவை கரைந்து மறுபடி மண்ணாகும். சிவந்து இறுகியவை கரையா. அவற்றில் உள்ள சுண்ணாம்பு அங்கேயே பொரிந்து அடங்கட்டும். பிறகு உலக்கையால் இடித்துச் சலித்து, புதிய மண் மூன்று பங்குக்கு அந்தத் தூள் ஒரு பங்கு சேர்த்துப் பிசையுங்கள். சுருக்கம் குறையும், ஈரம் வெளியேற வழி கிடைக்கும். தலையையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.