24-0 என்ற கணக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஜப்பானிய பேஸ்பால் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸில் 2025இல் யோஷினோபு யாமாமோட்டோ வீசியதைப் பார்த்த பிறகுதான் பேஸ்பால் மேல் பிடிப்பு வந்தது. ஜப்பானில் ஓரிக்ஸ் அணிக்கு அவர் எப்படி வீசினார் என்று தேடப் போய், கடைசியில் மசாஹிரோ தனாகாவின் 2013 சீசனில் வந்து நிற்கிறேன். 24 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. ஒரு தொடக்கப் பிட்சருக்கு, அதாவது ஆட்டத்தை வீசத் தொடங்கும் பந்துவீச்சாளருக்கு, இதைவிடப் பெரிய சீசன் இருக்க முடியுமா? ஆனால் வெற்றிக் கணக்குக்கு மதிப்பே இல்லை என்று பலரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் சிறந்த தொடக்கப் பிட்சருக்கான சவாமுரா விருதில் 15 வெற்றி என்று ஏன் கேட்கிறார்கள்? ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பீர்கள்?

அன்புடன்,
ச., கோவை

அன்புள்ள ச.,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஒரே எண் என்றால் நான் பார்ப்பது, ஒரு பிட்சர் வீசிய மொத்த இன்னிங்ஸ். கிரிக்கெட் இன்னிங்ஸ் அல்ல இது: எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ், ஓர் ஆட்டத்துக்கு அப்படி 9. உங்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன் வெற்றிக் கணக்கை ஓரமாக எடுத்து வைக்க வேண்டும்.

ஒரு தொடக்கப் பிட்சரின் பெயரில் வெற்றி ஏற வேண்டுமானால் அவர் குறைந்தது 5 இன்னிங்ஸ் வீச வேண்டும். அவர் வீசி முடித்து வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும். பின்னால் வரும் ரிலீஃப் பிட்சர்கள் அந்த முன்னிலையைக் கடைசிவரை விட்டுவிடாமல் இருக்க வேண்டும். இதில் முதல் நிபந்தனை அவர் கையில் இருக்கிறது. இரண்டாவதில் பாதிதான் அவர் கையில். மூன்றாவது சுத்தமாக இல்லை. கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் பெயரில் இத்தனை ஆட்டம் வென்றார், இத்தனை தோற்றார் என்று எழுதுவதில்லை அல்லவா? பேஸ்பாலில் எழுதுகிறார்கள்.

2022 ஏப்ரல் 10 அன்று சிபா லோட்டே அணியின் ரோகி சசாகி ஓரிக்ஸுக்கு எதிராக பெர்ஃபெக்ட் கேம் வீசினார், அதாவது எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு விடாத ஆட்டம். 19 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை அவுட் ஆக்குவது), அதில் 13 தொடர்ச்சியாக. ஜப்பானில் 28 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பெர்ஃபெக்ட் கேம் அது. அடுத்த வாரம், ஏப்ரல் 17, நிப்பான் ஹாம் அணிக்கு எதிராக மறுபடி 8 இன்னிங்ஸ். 24 பேர் மட்டை பிடித்தார்கள், 24 பேரும் அவுட். 14 ஸ்ட்ரைக் அவுட். 102 பந்து ஆனதும் மேலாளர் இகுச்சி அவரை எடுத்துவிட்டார். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன், 20 வயதுக் கை அது. ஆனால் அதுவரை லோட்டேயும் ஒரு ரன் எடுக்கவில்லை. 10ஆவது இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹோம் ரன், நிப்பான் ஹாம் 1-0 என்று வென்றது. ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு விடாத சசாகியின் கணக்கில் அன்று வெற்றி ஏறவில்லை. இதைப் பதிவு செய்யத் தெரியாத அளவுகோலை வைத்துக்கொண்டு யாரை அளப்பது?

சுனிச்சி ட்ராகன்ஸின் ஹிரோட்டோ தகாஹாஷியைப் பாருங்கள். 2023இல் அவருடைய இ.ஆர்.ஏ. 2.53. அதாவது 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டரை ரன்தான் அவர் கணக்கில் ஏறியது. அவருடைய வெற்றி தோல்வி? 7-11. அந்த ஆண்டு சுனிச்சி கடைசி இடம். அந்த அணியின் மட்டையாளர்கள் ரன் எடுக்க எவ்வளவு திணறினார்கள் என்பதைத்தான் அந்த 11 தோல்விகள் சொல்கின்றன. தகாஹாஷியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அப்படியானால் வெற்றிக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது. 1961இல் நிஷிதெட்சு லயன்ஸின் கசுஹிசா இனாவோ 42 வெற்றி எடுத்தார், வீசியது 404 இன்னிங்ஸ். அதே ஆண்டு சுனிச்சியின் புதுமுகம் ஹிரோஷி கொந்தோ 35 வெற்றி, 429 இன்னிங்ஸ். ஒரே ஆள் தொடங்கி அவரே முடித்து, இடையில் ரிலீஃபாகவும் வந்து வீசிய காலம். வெற்றி தோல்வியின் பெரும் பகுதியை உண்மையிலேயே அந்தக் கைதான் சுமந்தது. சவாமுரா விருது 1947இல் தொடங்கியது. போரில் இறந்த ஜயண்ட்ஸ் பிட்சர் எய்ஜி சவாமுராவின் பெயரில் வைத்தார்கள். 1934இல், 17 வயதில், ஷிசுவோகாவில் பேப் ரூத்தையும் லூ கெரிக்கையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தவர். அன்றும் கெரிக்கின் ஒரு ஹோம் ரன்னால் 1-0 என்று தோல்விதான் அவர் கணக்கில் ஏறியது! தோல்வி ஏறிய ஒரு ஆட்டத்துக்காகத்தான் இன்றுவரை அவரை நினைக்கிறார்கள்.

அந்த விருதுக்கு நீண்ட காலமாக ஏழு அளவுகோல்கள் வைத்திருந்தார்கள்: 25 ஆட்டம், 10 முழு ஆட்டம் (தொடங்கியவரே கடைசிவரை வீசி முடிப்பது), 15 வெற்றி, 60 சதவீத வெற்றி விகிதம், 200 இன்னிங்ஸ், 2.50 இ.ஆர்.ஏ., 150 ஸ்ட்ரைக் அவுட். 2018இல் ஜயண்ட்ஸின் தொமோயுகி சுகானோ ஏழையும் தொட்டார். சரியாக 10 முழு ஆட்டம், சரியாக 15 வெற்றி, 202 இன்னிங்ஸ். ஏழையும் தொட்டால் விருது உறுதி என்றும் கிடையாது. 2008இல் நிப்பான் ஹாமின் யூ தார்விஷ் ஏழையும் நிறைவேற்றினார்: வெற்றி தோல்வி 16-4, இ.ஆர்.ஏ. 1.88, 208 ஸ்ட்ரைக் அவுட், 10 முழு ஆட்டம். விருது போனது ராக்குட்டெனின் ஹிசாஷி இவாகுமாவுக்கு. அவர் 21-4, 1.87, 159 ஸ்ட்ரைக் அவுட், முழு ஆட்டம் வெறும் 5. இருவரும் வீசிய இன்னிங்ஸ் ஏறக்குறைய ஒன்றே. ஆக, அந்த 21தான் தராசைச் சாய்த்தது. 1985க்குப் பிறகு அதுவரை யாரும் எட்டாத எண் அது.

இதை வைத்து தார்விஷுக்கு அநியாயம் என்று எழுதுவது எளிது. ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். அந்த ஆண்டு இவாகுமா 201 இன்னிங்ஸுக்கு மேல் வீசி விட்டுக்கொடுத்த ஹோம் ரன் 3தான். பந்து மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழுந்தால் அது அவுட் ஆவதும் ஹிட் ஆவதும் பெரும்பாலும் ஃபீல்டர்களையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது என்பது 2000 வாக்கில் அமெரிக்காவில் வோரோஸ் மெக்ராக்கன் முன்வைத்த வாதம். அதிலிருந்துதான் எஃப்.ஐ.பி. என்ற அளவு வந்தது. பிட்சர் கையில் மட்டும் இருப்பவற்றை அது எடுத்துக்கொள்கிறது. ஹோம் ரன்னை 13ஆல் பெருக்குங்கள். வாக்கையும் (நான்கு தவறான பந்து வீசி மட்டையாளரை முதல் பேஸுக்கு விடுவது) உடம்பில் பட்ட பந்தையும் கூட்டி 3ஆல் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்து, ஸ்ட்ரைக் அவுட்டை 2ஆல் பெருக்கிக் கழியுங்கள். வருவதை இன்னிங்ஸால் வகுங்கள். அந்தந்த லீக்கின் இ.ஆர்.ஏ.வோடு பொருந்தக் கடைசியில் ஒரு எண்ணைக் கூட்டுவார்கள், இருவரை ஒப்பிட அது தேவையில்லை. இந்தக் கணக்கில் தார்விஷின் ஸ்ட்ரைக் அவுட்டுகளுக்கு எதிராக இவாகுமா கொடுக்காத ஹோம் ரன்கள் வந்து நிற்கும். 21 வெற்றிக்காக அவரைத் தேர்ந்தெடுத்தது எனக்கு ஒப்பில்லை. அந்த 3 ஹோம் ரன்னுக்காகத் தேர்ந்தெடுத்திருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

சரி, இ.ஆர்.ஏ. போதாதா என்று கேட்பீர்கள். தனாகாவையே எடுத்துக்கொள்வோம். 2013இல் அவருடைய இ.ஆர்.ஏ. 1.27. 2011லும் அதே 1.27. எண் ஒன்று, ஆனால் பந்து வேறு. 2011இல் ஜப்பான் முழுக்க ஒரே வகைப் பந்து கொண்டுவந்தார்கள், குறைவாகத் துள்ளும் பந்து. 2010இல் சென்ட்ரல், பசிபிக் என்ற இரண்டு லீக்கிலும் சேர்த்து 1605 ஹோம் ரன். 2011இல் அது 939ஆக விழுந்தது. எல்லாப் பிட்சர்களின் எண்களும் திடீரென்று அழகாகிவிட்டன. பிறகு 2013இல் யாருக்கும் சொல்லாமல் பந்தை மாற்றினார்கள். ஹோம் ரன் 1311ஆக ஏறியது. ஜூன் மாதம் உண்மை வெளிவந்தபோது பெரிய கொந்தளிப்பு. கமிஷனர் ரியோசோ கத்தோ பதவி விலகினார். ஆகவே 2013இன் 1.27, 2011இன் 1.27ஐவிடக் கனமானது. ஒரு ஆண்டின் இ.ஆர்.ஏ.வை இன்னொரு ஆண்டின் இ.ஆர்.ஏ.வோடு அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. அந்த ஆண்டு, அந்த லீக்கின் சராசரியோடுதான் வைக்க வேண்டும்.

மைதானமும் அப்படித்தான். தகாஹாஷி 2024இல் 143 இன்னிங்ஸுக்கு மேல் வீசி ஒரே ஒரு ஹோம் ரன்தான் கொடுத்தார், இ.ஆர்.ஏ. 1.38. அபாரமான சீசன், சந்தேகமில்லை. ஆனால் அவருடைய சொந்த மைதானம் நகோயா டோம். அப்போது அங்கே நீளமும் அதிகம், வேலிச் சுவரும் 4.8 மீட்டர் உயரமாக இருந்தது. யாகுல்ட் அணியின் ஜிங்கு மைதானம் சிறியது, அங்கே பாதி ஆட்டங்களை வீசுகிறவருக்கு இதே எண் வரவே வராது. அப்புறம் லீக் வித்தியாசம் வேறு. பசிபிக் லீக்கில் 1975 முதல் பிட்சருக்குப் பதில் வேறொருவர் மட்டை பிடிக்கிறார். சென்ட்ரல் லீக்கில் அது 2027இல்தான் வருகிறது. அதுவரை அங்கே பிட்சரே மட்டை பிடித்தாக வேண்டும். நன்றாக வீசிக்கொண்டிருப்பவரைக்கூட ஒரு ரன் தேவைப்படுகிறது என்பதற்காக 6ஆவது இன்னிங்ஸில் எடுத்துவிடுவார்கள்.

இப்போது இன்னிங்ஸுக்கு வருகிறேன். ஜப்பானில் ஒரு சீசனுக்கு 143 ஆட்டம். வழக்கமாக செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆடுவார்கள், திங்கள் ஓய்வு. ஆறு தொடக்கப் பிட்சர்கள், ஆளுக்கு வாரம் ஒரு நாள். கூட்டிப் பார்த்தால் ஒருவருக்கு 24, 25 ஆட்டம். அமெரிக்காவில் ஐந்து பேர் சுற்று என்பதால் முப்பதுக்கு மேல் கிடைக்கும். வாரத்தில் ஒரே நாள்தான் வேலை என்றால், அன்று எவ்வளவு தூரம் வருகிறார் என்பதே அவருடைய மதிப்பு. அவர் 5 இன்னிங்ஸில் வெளியேறினால் மீதி 4 இன்னிங்ஸை, நேற்றும் வீசி நாளையும் வீச வேண்டிய ரிலீஃப் பிட்சர்கள் சுமக்க வேண்டும். வெள்ளிக்கிழமை 8 இன்னிங்ஸ் வீசும் பிட்சர் சனி, ஞாயிறு ஆட்டங்களுக்கும் சேர்த்து உதவுகிறார். இ.ஆர்.ஏ.விலோ எஃப்.ஐ.பி.யிலோ இது தெரியாது, இரண்டும் சராசரிகள்.

2022ஐ இப்படிப் பாருங்கள். சசாகி 129 இன்னிங்ஸில் 173 ஸ்ட்ரைக் அவுட், இ.ஆர்.ஏ. 2.02. இ.ஆர்.ஏ. தரவரிசைப் பட்டியலில் இடம்பெற அணியின் ஆட்ட எண்ணிக்கை அளவுக்கு, அதாவது 143 இன்னிங்ஸ் வேண்டும். அதை அவர் எட்டவில்லை. யாமாமோட்டோ 193 இன்னிங்ஸ், 205 ஸ்ட்ரைக் அவுட், 1.68. ஒரு பந்து வீசச் சொல்லி எதிரில் நிற்பதென்றால் நான் அதிகம் பயப்படுவது சசாகிக்குத்தான். ஓர் ஆண்டு முழுக்க என் அணியில் ஒருவர் வேண்டுமென்றால் யாமாமோட்டோ, யோசிக்கவே மாட்டேன். 64 இன்னிங்ஸ் வித்தியாசம் என்பது ஒரு ரிலீஃப் பிட்சரின் ஒரு முழு சீசன்.

இதனால்தான் சவாமுரா குழுவோடு எனக்குப் பாதி உடன்பாடு, பாதி சண்டை. இன்னிங்ஸைக் கேட்பது சரி. வெற்றியையும் வெற்றி விகிதத்தையும் கேட்பது தவறு. முழு ஆட்டத்தைத் தனியாகக் கேட்பதும் தேவையில்லை, அதன் பலன் இன்னிங்ஸிலேயே வந்துவிடுகிறது. யாமாமோட்டோ 2021 முதல் 2023 வரை மூன்று முறை தொடர்ந்து விருது வாங்கினார். ஒரு முறைகூட 10 முழு ஆட்டம் இல்லை, 200 இன்னிங்ஸும் இல்லை. அவர்களே தங்கள் அளவுகோலைத் தாண்டித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. 2018இல் அவர்கள் செய்த ஒன்றை மனதாரப் பாராட்டுகிறேன். குவாலிட்டி ஸ்டார்ட் என்று அமெரிக்காவில் சொல்வது 6 இன்னிங்ஸ், 3 ரன்னுக்குள். இவர்கள் அதை 7 இன்னிங்ஸாக உயர்த்திக் கணக்கில் சேர்த்தார்கள். 6 இன்னிங்ஸுக்கு 3 ரன் என்றால் இ.ஆர்.ஏ. 4.50. ரன் குறைவாக விழும் ஜப்பானில் அதைத் தரமான ஆட்டம் என்று சொல்லவே முடியாது.

ஆனால் இன்னிங்ஸை மதிப்பது வேறு, அதைப் பிழிந்து எடுப்பது வேறு. மேலே சொன்ன கொந்தோவுக்கு 429 இன்னிங்ஸ் வீசிய ஆண்டில் வயது 22. "கொந்தோ, கொந்தோ, மழை, கொந்தோ" என்று அன்று சொல்வார்களாம், மழை பெய்தால்தான் அவருக்கு ஓய்வு. அடுத்த ஆண்டும் 30 வெற்றி எடுத்தார். அத்தோடு தோள் போயிற்று. இன்ஃபீல்டராக ஆடிப் பார்த்தார். பின்னாளில் பயிற்சியாளராக, மேலாளராகப் பிட்சர்களின் கையைக் காப்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். 1998இல் யோகோஹாமாவை ஜப்பான் சீரீஸ் வெல்ல வைத்ததும் அவர்தான். இன்று யாரும் 429 வீசக் கூடாது. வாரம் ஒரு முறை வந்து, ஏழு எட்டு இன்னிங்ஸ் வீசி, கை கெடாமல் ஆண்டை முடிப்பவரைத்தான் நான் தேடுகிறேன்.

இனி உங்கள் முதல் கேள்வி. 24-0ஐவிடப் பெரிய சீசன் உண்டா? உண்டு, அதே தனாகாவின் 2011. வெற்றி 19-5தான். ஆனால் 226 இன்னிங்ஸ், 14 முழு ஆட்டம், 241 ஸ்ட்ரைக் அவுட், வாக் 27 மட்டும். 2013இல் 212 இன்னிங்ஸ், 8 முழு ஆட்டம், 183 ஸ்ட்ரைக் அவுட். பந்து மாறியதால் ரன் கணக்கில் 2013 முன்னே நிற்கிறது என்று சற்று முன் நானே சொன்னேன். அதை மறுக்கவில்லை. இருந்தாலும் ஸ்ட்ரைக் அவுட்டும் வாக்கும் பந்தின் துள்ளலை அவ்வளவாகச் சார்ந்தவை அல்ல. அவற்றோடு 14 இன்னிங்ஸ் கூடுதல். அதனால் என் ஓட்டு 2011க்கு. அதே ஆண்டு தார்விஷ் 232 இன்னிங்ஸ், 276 ஸ்ட்ரைக் அவுட், 1.44. இருவருமே ஏழு அளவுகோல்களையும் தொட்டார்கள். விருது தனாகாவுக்குப் போனது, இந்த முறை எனக்குக் குழுவோடு சண்டை இல்லை.

நீங்களே செய்து பார்க்க வேண்டுமென்றால் 2008 தார்விஷ், இவாகுமாவிலிருந்து தொடங்குங்கள். ஜப்பானிய லீக்கின் அதிகாரபூர்வ தளத்தில் ஆண்டுவாரியான எண்கள் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. நான் சொன்ன 13, 3, 2 பெருக்கலைப் போட்டுப் பாருங்கள், காகிதமும் பேனாவும் போதும். என் முடிவுக்கு மாறாக வந்தால் எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

அன்புடன்.