அம்மாவின் மூச்சை யார் பார்த்துக்கொண்டிருந்தார்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். 58 வயதான என் அம்மாவை கொலோனோஸ்கோபிக்காக (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். "லேசான மயக்கம்தான், சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். உள்ளே மூச்சும் இதயமும் நின்றுபோய், 11 நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். இப்போது சில நேரம் என்னையே அடையாளம் தெரிவதில்லை. டாக்டர் வெளியே வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாத கன்னடப் படிவத்தில் அவசரமாகக் கையெழுத்து வாங்கினார்கள். பாக்கி பில் 1,80,000 ரூபாயைத் தள்ளுபடி செய்கிறோம் என்று 14 மாதமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். போலீசுக்குப் போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கனத்தது. ஆனால் டாக்டர் பேசாமல் போனது மட்டும் வழக்குக்குப் பெரிதாக உதவாது. கையெழுத்துப் போட்டதால் எல்லாம் போச்சு என்றும் பயப்படாதீர்கள். கவனக்குறைவுக்கு யாரும் சம்மதம் கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. கேள்வி ஒன்றுதான்: ஸ்கோப் பிடித்த டாக்டரைத் தவிர, அம்மாவின் மூச்சைக் கவனிப்பதற்கென்றே ஒருவர் அந்த அறையில் இருந்தாரா?

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர் நிற்பார். எண்டோஸ்கோபி அறையிலும் எம்.ஆர்.ஐ. அறையிலும் அந்த இடம் சில நேரம் காலியாக இருக்கும். விளக்கை மங்கலாக்கியிருப்பார்கள், எல்லார் கண்ணும் திரையில் இருக்கும். ப்ரொபோஃபால் போன்ற மயக்க மருந்தில் லேசான மயக்கம் ஆழ்ந்த மயக்கமாக மாற அதிக நேரம் ஆகாது. ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், மூச்சு நின்ற உடனே காட்டாது. மூக்குவழி ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தால் இன்னும் தாமதமாகும். உடனே காட்டுவது கேப்னோகிராஃப், அதாவது வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி. அங்கே அந்த ஆளும் இந்தக் கருவியும் இருந்தனவா என்பதை மயக்க சார்ட்தான், அதாவது மயக்கத்தின்போது நோயாளியின் நிலையை அவ்வப்போது குறித்துவைக்கும் தாள்தான் சொல்லும்.

என்னிடம் வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். "எல்லா ரெக்கார்டும் இருக்கு சார்" என்று கனமான ஃபைலோடு வருவார்கள். பிரித்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, பில், லேப் ரிப்போர்ட். மயக்க சார்ட் இருக்காது. ஒருவர் கோபத்தில் முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, நான்கு மாதம் கழித்து சார்ட் வாங்கி வந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி. ஆக்ஸிஜன் 98, 98, 98, 98. ஒரே பேனா, ஒரே சாய்வு, எங்கும் அடித்தல் இல்லை. அடுத்த வரியில் "சி.பி.ஆர். ஆரம்பம்", அதாவது நின்ற இதயத்துக்காக மார்பை அழுத்தும் முதலுதவி. அந்தத் தாள் பின்னால் உட்கார்ந்து எழுதப்பட்டது என்று எங்களால் நிரூபிக்க முடியவில்லை. மானிட்டரில் இருந்த பதிவும் அதற்குள் அழிந்திருந்தது.

அதனால் இன்றே எழுதிக் கேளுங்கள்: மயக்க சார்ட், மருந்து கொடுத்த நேரமும் அளவும், நர்ஸ் குறிப்பு, மானிட்டர் பதிவு, அன்று அறையில் இருந்தவர்களின் பட்டியல். கடிதத்தில் ஒரு கோபச் சொல்கூட வேண்டாம். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும். மூன்று வருடம்தான் வைத்திருக்கக் கட்டாயம். கொடுக்க மறுத்தால் அதுவே உங்களுக்குச் சாதகம். எந்த டாக்டர் தவறு செய்தார் என்று நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. கவனமாக நடந்தோம் என்று காட்டுவது மருத்துவமனையின் பொறுப்பு என 2004இல் சவிதா கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

போலீஸ் வேண்டாம். 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு, மிகக் கடுமையான கவனக்குறைவு இருந்தால்தான் டாக்டர் மீது கிரிமினல் வழக்கு நிற்கும். அந்த அளவுக்கு இல்லை என்று போலீஸ் புகாரை முடித்துவைத்தால், அதே அறிக்கையை, நஷ்டஈடு கேட்டு நீங்கள் போக வேண்டிய நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள்.

ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம்தான் கெடு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அது நிற்காது. உங்களுக்கு மீதி அதிகபட்சம் பத்து மாதம்.

சார்ட்டில் தனி மயக்க டாக்டரின் பெயரும் கேப்னோகிராஃப் எண்களும் ஒழுங்காக இருந்தால், தயங்காமல் சமாதானமாகப் போய்விடுங்கள். அப்போதும் 1,80,000 போதாது. அம்மாவுக்கு ஆள் வைக்கும் செலவையும் பிசியோதெரபியையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் சாந்தி நகரில் உள்ள நுகர்வோர் ஆணையத்தில் புகாரைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள். அதுவரை, "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரியோடு வரும் தள்ளுபடிக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.