பத்தேகால் மணி நேரம் இல்லை, பதினாலே முக்கால்

தம்பி, தண்டையார்பேட்டையிலிருந்து அம்மாவை லண்டனுக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். டிக்கெட்டில் விடியற்காலை 4 மணிக்குச் சென்னை, பிற்பகல் 2.15க்கு லண்டன், ‘பத்தேகால் மணி நேரம்தானே’ என்கிறீர்கள். அந்தக் கணக்கு தப்பு. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அதையும் கூட்டினால் பதினாலே முக்கால்.

நேர்க்கோட்டில் தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். துபாய் வழியாகப் போவதால் தூரம் பெரிதாக அதிகரிக்காது, அங்கே காத்திருக்கும் மூன்று மணி நேரம்தான் இழுக்கும். மேற்கே போகும்போது எதிர்காற்று வேறு. திரும்பி வரும்போது பாருங்கள், பறக்கும் நேரம் குறையும்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் முக்கியமாகச் சொல்கிறேன்: மாத்திரையைக் கடிகார முள்ளைப் பார்த்து விழுங்கக் கூடாது. எத்தனை மணி நேர இடைவெளி என்று டாக்டரிடம் கேட்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். என் அத்தை கைக்கடிகாரத்தை மாற்றாமலே போய், நடுராத்திரி சாப்பாட்டைக் காலை டிபன் என்று நினைத்துக்கொண்டார். மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அப்புறம், 4 மணி விமானத்துக்குக் கிளம்பும் நடுராத்திரி நேரத்தில் மெட்ரோ ஓடாது. முந்தின நாள் இரவு 10 மணி வாக்கில் ஏறினால் நீல வழித்தடத்தில் நேராக விமான நிலையம். வண்டி மாற வேண்டாம். காரில் என்றால் துறைமுகப் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டுவீர்கள். காசிமேட்டுக் கருவாட்டை மட்டும் நாலு கவர் போட்டுக் கட்டுங்கள்.