கேள்வி பதில்: ஆட்டமே இல்லாத ஊருக்கும் போகிற கொடி

போன இதழில் காலேஜ் விளையாட்டைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்குத் தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த வாரம் முழுக்க அதுதான். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

என் மகன் அமெரிக்காவில் வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் படித்து முடித்து, அங்கேயே வேலையில் இருக்கிறான். போனில் பேசினால், "எங்க காலேஜை எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டாங்கம்மா" என்று புலம்பல். காலேஜை மூடிவிட்டார்களோ என்று பதறிக் கேட்டால், "இல்லம்மா, ஃபுட்பால்" என்கிறான். படித்து முடித்து வெளியே வந்தவனுக்கு இதில் என்ன வருத்தம்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். (ஒரு தாய், ஓசூர்)

மூடவில்லை அம்மா, டிகிரிக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் பையன் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

அங்கே பல்கலைக்கழகங்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, வருடாவருடம் தங்களுக்குள் மோதிக்கொள்ளும். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் கான்ஃபரன்ஸ். நம் கணக்கில் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், சண்டையும் அவர்களோடுதான், பந்தியும் அவர்களோடுதான். உங்கள் மகன் காலேஜ் இருந்த கூட்டம் மேற்குக் கடற்கரைப் பக்கத்தது, 1915இலிருந்து வரலாறு சொல்லிக்கொள்வது. கடைசியில் பன்னிரண்டு பேர் இருந்ததால் பேக்-12 என்று பெயர். அங்கே ஃபுட்பால் என்றால் நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரில் வருகிறவனை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். காசெல்லாம் அதில்தான்.

2022 ஜூன் 30ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸ்காரர்கள் இரண்டு பேர், யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. என்ற பல்கலைக்கழகங்கள், நாங்கள் பிக் டென் கூட்டத்துக்குப் போகிறோம் என்றார்கள். பிக் டென் என்பது சிகாகோ, ஒஹாயோ பக்கத்துக் கூட்டம். பெயரில்தான் டென், இப்போது உள்ளே இருப்பது பதினெட்டு பேர் (பெயர்ப்பலகை மாற்றவும் காசு செலவாகும் என்று விட்டுவிட்டார்கள் போல). அடுத்த வருடம் கொலராடோ கிளம்பியது. 2023 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து பேர். அப்புறம் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பெர்க்லியும், பசிபிக் கரையில் இருந்துகொண்டே, பெயரிலேயே அட்லாண்டிக் கடல் இருக்கிற கூட்டத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிச்சம் இரண்டு பேர், ஆரிகன் ஸ்டேட்டும் உங்கள் மகனின் வாஷிங்டன் ஸ்டேட்டும். எல்லோரும் பாகம் பிரித்துக்கொண்டு கிளம்பியபின் பூர்வீக வீட்டுச் சாவியோடு நிற்கிற இரண்டு தம்பிகள் மாதிரி. அந்தச் சாவிக்கும் கோர்ட்டுக்குப் போய்த்தான் உரிமை வாங்கினார்கள், அது தனிக்கதை.

எல்லாம் டிவி பணம். யார் ஆட்டத்தை எந்த டிவியில் காட்டுவது என்பதை முன்பு என்.சி.ஏ.ஏ. என்ற தலைமை அமைப்பு கையில் வைத்திருந்தது. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பிடி சட்டப்படி செல்லாது என்றது, அன்றிலிருந்து அவரவர் சரக்கை அவரவர் விற்கலாம். விற்கப் போனால் பெரிய கடைக்குத்தானே பெரிய விலை? பிக் டென் 2022இல் மூன்று டிவிகளோடு ஏழு வருடத்துக்குப் போட்ட ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல். பேக்-12க்கு அந்த மாதிரி விலை சொல்ல யாரும் வரவில்லை.

பையனுக்கு வலிக்கிற இடம் வேறு. அவன் காலேஜ் இருப்பது புல்மன் என்கிற சின்ன ஊரில், சுற்றிலும் கோதுமைக் காடு. அதே வாஷிங்டன் மாநிலத்தின் மறுகோடியில், சியாட்டில் என்ற பெரிய நகரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகம். இரண்டும் முதலில் மோதியது 1900இல். ஆப்பிள் விளைகிற மாநிலம் என்பதால் அந்த ஆட்டத்துக்கு ஆப்பிள் கோப்பை என்று பெயர். வருடத்தில் மற்ற ஆட்டமெல்லாம் தோற்றாலும் இதை ஜெயித்தால் போதும் என்கிற ரகம். வழக்கமாக நவம்பர் கடைசியில், சீசனின் கிளைமாக்ஸாக நடக்கும். அந்த ஐந்து பேரில் ஒருவராகக் கிளம்பியது இந்தச் சியாட்டில்காரர்தான். யாரோ போனால் பரவாயில்லை அம்மா, முட்டிக்கொள்கிற பங்காளியே போய்விட்டால்?

ஆட்டத்தை அடியோடு விட்டுவிடவில்லை, தனி ஒப்பந்தம் போட்டு செப்டம்பருக்குத் தள்ளினார்கள். 2024 செப்டம்பரில் சியாட்டிலில் நடந்ததில் உங்கள் மகன் காலேஜ் 24-19 என்று ஜெயித்தது. அன்று அவன் போனில் எப்படிப் பேசினான் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடம் சொந்த ஊர் புல்மனிலேயே செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 2026இலிருந்து பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட் என்று புது ஆட்களைச் சேர்த்துக் கூட்டத்தை மறுபடி கட்டுவதாக ஏற்பாடு. அதெல்லாம் புதுச் சம்பந்தம், பழக நாளாகும்.

இன்னொன்று. சனிக்கிழமை காலையில் ஈ.எஸ்.பி.என். டிவியில் காலேஜ் கேம்டே என்று ஒரு நிகழ்ச்சி, வாரம் ஒரு ஊரிலிருந்து நேரலை. பேசுகிறவர்களுக்குப் பின்னால் அந்தந்த ஊர்க் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வாஷிங்டன் ஸ்டேட்டின் சிவப்புக் கொடி ஒன்று ஆடும். 2003இலிருந்து ஒரு வாரம்கூடத் தப்பியதில்லை. பெரும்பாலும் அந்த ஊரில் இவர்களுக்கு ஆட்டமே இருக்காது, பல சமயம் இவர்கள் ஆடுவது ஆயிரம் மைல் தள்ளி. கொடியைப் பார்சலில் போட்டு ஊர் ஊராக அனுப்புவார்கள், அந்தந்த ஊரில் இருக்கிற பழைய மாணவர் விடிவதற்கு முன்பே போய் இடம் பிடித்து, நீளக் கம்பில் கட்டித் தூக்கிப் பிடிப்பார். பேக்-12 கூட்டம் கலைந்தபின்னும் கொடி போவது நிற்கவில்லை. அடுத்த முறை பையன் பேசும்போது, "அந்தக் கொடி இந்த வாரம் எந்த ஊர்லப்பா?" என்று கேளுங்கள். அப்புறம் பேச்சு முடிய ஒரு மணி நேரமாகும், அதற்கு நான் பொறுப்பில்லை.

காசு அதிகம் கிடைக்கிற இடத்துக்குப் போனால் என்ன தப்பு? காலேஜுக்குத்தானே வருமானம்? (வாசகர், காவேரிப்பட்டணம்)

போனது தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஃபுட்பால் டீம் வாரம் ஒரு ஆட்டம் ஆடும், தனி விமானத்தில் போய்வரும். டிவிக்காரன் காசு கொடுப்பது அதற்கு. கூடவே அந்தக் காலேஜ் வாலிபால் பெண்களும் சாஃப்ட்பால் பெண்களும் அதே கூட்டத்துக்கு மாறியாக வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து, அதே பிக் டென்னில் இருக்கிற நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போக ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர், கடிகாரத்தில் மூன்று மணி நேர வித்தியாசம். ஆடிவிட்டு வந்து மறுநாள் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் அவர்கள்.

இதில் ரசமான சங்கதி, யு.சி.எல்.ஏ.யும் பெர்க்லியும் ஒரே கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குடும்பம், மேலே ஒரே நிர்வாகக் குழு. தம்பி பெரிய இடம் பார்த்துப் போனதில் அண்ணனுக்கு நஷ்டம் என்று, யு.சி.எல்.ஏ. வருடத்துக்கு 1 கோடி டாலர் பெர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என 2024இல் அந்தக் குழு முடிவு செய்தது. ஜீவனாம்சமேதான், அங்கேயும் கிண்டலாக அப்படித்தான் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் டெக்சாஸின் எஸ்.எம்.யு. பல்கலைக்கழகம், ஒன்பது வருடம் டிவி பணத்தில் பங்கே வேண்டாம், எங்களைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்று அட்லாண்டிக் கூட்டத்தில் நுழைந்தது. வரதட்சணை நம்ம ஊரில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம்ம ஊர் காலேஜ்களுக்கு ஏன் இப்படி ரசிகர் கூட்டம் இல்லை? நமக்குக் காலேஜ் மேல் பாசம் கிடையாதா? (வாசகர், கிருஷ்ணகிரி)

பாசம் இருக்கிறது. அதைக் கட்டி வைக்க ஒரு கம்பம் இல்லை.

நம்ம ஏற்பாட்டைப் பாருங்கள். காலேஜ் டீம் மற்ற காலேஜ்களோடு ஆடுவதெல்லாம் பல்கலைக்கழக எல்லைக்குள்தான். அதில் நன்றாக ஆடுகிறவனைப் பொறுக்கியெடுத்துப் பல்கலைக்கழக டீமில் போட்டுத் தென்மண்டலப் போட்டிக்கு அனுப்புவார்கள். அதாவது பையன் பெரிய ஆளாகிற நேரத்தில் அவன் முதுகில் உங்கள் காலேஜ் பெயர் இருக்காது. நீங்கள் யாருக்காக விசில் அடிப்பது? ஆட்டம் நடப்பதோ வேலை நாளில், பகல் பதினொரு மணிக்கு. பார்க்க வருவது வகுப்பைக் கட் அடித்தவன் மட்டும்தான், அவனும் நிழலுக்காக.

நான் தருமபுரியில் ஒரு காலேஜில் படித்தபோது கபடி டீமில் இருந்தேன். மொத்தம் ஏழு ஜெர்சி, ஏழு பேர் உள்ளே. சப்ஸ்டிட்யூட் போக வேண்டுமானால் வெளியே வருகிறவன் கழற்றிக் கொடுக்க வேண்டும், வியர்வையோடு. வெள்ளையடித்து மிச்சமான சுண்ணாம்பில் கோடு. ஒரு வருடம் கிருஷ்ணகிரி டீம் வந்தது. கடைசி நிமிஷம், சமநிலை, ரெய்டு என்னுடையது. ஆளைத் தொடுவதற்கு முன்பே என் இடது கால் லாபியில், அதாவது களத்தின் ஓரப் பட்டையில், பட்டுவிட்டது. பட்டால் அவுட். சுண்ணாம்பு என் பெருவிரலில் ஒட்டியிருந்தது, அம்பயர் பார்க்கவில்லை. நான் மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டேன். ஜெயித்தோம். அப்புறம் இரண்டு டீமும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரே கடையில் புரோட்டா தின்றோம், அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

முப்பது வருடம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் கைகழுவும் இடத்தில் வழுக்கைத் தலையோடு ஒருவர் என்னையே பார்த்தார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "ஏம்பா, அன்னிக்கு லாபியில கால் வெச்சதானே?" என்றார். உங்கள் ஊர்க்காரர்தான் சார். பாசம் இல்லை என்று இனிமேல் எழுதாதீர்கள்.

(ஆமாம், வைத்தேன். இத்தனை வருடம் கழித்து அச்சில் ஒப்புக்கொள்கிறேன்.)

கூட்டம் மாறுவதும் நமக்குப் புதிதில்லை. எங்கள் காலத்தில் நாங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கீழே இருந்தோம். 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது, இந்தப் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் அதன் கீழ் போயின. என் மார்க் ஷீட்டில் ஒரு பல்கலைக்கழகம், பின்னால் படித்த என் தம்பியுடையதில் வேறு. அதே கட்டடம், அதே வேப்பமரம், ஃபீஸ் கட்ட அதே ஜன்னல், அதற்குப் பின்னால் அதே கிளார்க். யாரும் அழுததாக எனக்கு நினைவில்லை. ஏனென்றால் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்தேதான் மாறின. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் போனபோதுகூட ஆட்டம் பிரியவில்லை. நாளைக்கே உங்களைப் பெங்களூர்ப் பக்கமும் எங்களைக் கோயம்புத்தூர்ப் பக்கமும் போட்டு, இனிமேல் இரண்டு பேருக்கும் ஆட்டமே கிடையாது என்று சொல்லட்டும், அப்புறம் தெரியும் யாருக்கு எவ்வளவு பாசம் என்று.

டி.என்.பி.எல். கிரிக்கெட்டில் சேலம் ஸ்பார்டன்ஸ் நம்ம பக்கத்து டீம்தானே? ஆதரிக்கலாமா? (கல்லூரி மாணவர், பாலக்கோடு)

தாராளமாக. ஆனால் ஒரு விஷயம் தெரிந்து ஆதரியுங்கள், தம்பி. அந்த டீம் 2021க்கு முன் தூத்துக்குடி பெயரில் டூட்டி பேட்ரியாட்ஸாக இருந்தது. 2016இல் டி.என்.பி.எல்.லின் முதல் கோப்பையை வாங்கியதும் அந்தப் பெயரில்தான். அந்தக் கோப்பைக்குச் சேலத்துக்காரர் பெருமைப்படுவதா, தூத்துக்குடிக்காரரா? காரைக்குடி டீமும் இப்படித்தான் திருப்பூருக்குக் குடிபெயர்ந்தது. காலேஜ் கூட்டம் மாறினாலும் கட்டடம் அங்கேயே நிற்கும், கம்பெனி டீமுக்கு அந்தப் பிடிமானமும் இல்லை.

நான் டிகிரி அரூர்ப் பக்கம், முதுகலை சென்னையில். எந்தக் காலேஜுக்கு விசுவாசமாக இருப்பது? (வாசகி, அரூர்)

எந்தக் காலேஜ் கேன்டீனில் இன்னும் பாக்கி வைத்திருக்கிறீர்களோ, அதற்கு.

அவர்களுக்கு ஆப்பிள் கோப்பை என்றால், தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் மாம்பழக் கோப்பை வைத்தால் என்ன? (வாசகர், ஊத்தங்கரை)

பிரமாதம். கிருஷ்ணகிரியில் வருடாவருடம் மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது, அந்த வாரத்திலேயே வைத்துவிடலாம். கபடி, வாலிபால், பெண்களுக்குப் பூப்பந்து. ஜெயிக்கிற காலேஜுக்கு ஒரு கூடை மல்கோவா, தோற்கிற காலேஜுக்கு ஒரு கிலோ புளி. எங்கே நடத்துவது என்பதுதான் சிக்கல். நடுவில் காரிமங்கலம் இருக்கிறதே என்றால், அது தருமபுரி மாவட்டம் என்று நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். காவேரிப்பட்டணம் என்றால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஊரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அம்பயரை மட்டும் சேலத்திலிருந்து கூட்டி வாருங்கள், லாபிக் கோட்டை ஒழுங்காகப் பார்க்கிற ஆளாக.