டைமிங் பெல்ட் அறுந்து இன்ஜின் போச்சு, ஒர்க்‌ஷாப் மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன்னால்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றினேன். போன வாரம் ஓடிக்கொண்டிருந்த வண்டி அப்படியே நின்றுவிட்டது. பெல்ட் அறுந்து வால்வெல்லாம் வளைந்துவிட்டதாம். "டென்ஷனர் (பெல்ட்டைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் சக்கரம்) சுற்றாமல் இறுகித்தான் பெல்ட் அறுந்தது, டென்ஷனரை நாங்கள் தொடவே இல்லை, எங்கள் பொறுப்பு கிடையாது" என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் முதல் வேலை, அந்த ஒர்க்‌ஷாப் இன்ஜினை மேற்கொண்டு பிரிக்காமல் நிறுத்துவது. அறுந்த பெல்ட், டென்ஷனர், வளைந்த வால்வு எல்லாம் உங்கள் பொருள், எழுத்தில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பெல்ட்டில் பல் மழுங்கியிருக்கிறதா, ஓரம் நார்நாராகப் பிரிந்திருக்கிறதா, ஆயில் ஊறியிருக்கிறதா, டென்ஷனர் பேரிங் கையால் சுற்றினால் சுற்றுகிறதா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. இவை பழைய இரும்புக்குப் போய்விட்டால் எந்த வக்கீலாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

அவர்கள் சொல்லும் பதில் உண்மையில் உங்களுக்குத்தான் சாதகம். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்ததும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன்களை மேலும் கீழும் ஓட்டும் கிராங்க் இன்னும் சுற்றும், மேலே வரும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வில் போய் மோதும். இது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். அதனால்தான் பெல்ட் மாற்றும்போதே டென்ஷனர், பெல்ட் ஓடும் துணைச் சக்கரமான ஐட்லர், பல வண்டிகளில் வாட்டர் பம்ப் வரைக்கும் சேர்த்துப் பார்ப்பார்கள். பார்க்காமலோ, பார்த்தும் உங்களிடம் சொல்லாமலோ விட்டிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அதைச் சேவைக் குறைபாடு என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. வேலைக்கு வண்டியை விட்டபோது எழுதிய ஜாப் கார்டை மட்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "டென்ஷனரும் மாற்றச் சொன்னோம், வேண்டாம் என்றார்" என்று எழுதி அதில் உங்கள் கையெழுத்தும் இருந்தால், வழக்கு ரொம்பவே பலவீனம், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

சரி, அடுத்து என்ன? ஒர்க்‌ஷாப்புக்குத் தேதி, நேரம் எழுத்தில் தெரிவித்துவிட்டு, அவர்களோடு சம்பந்தமில்லாத ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினியரை வைத்து வண்டியைப் பரிசோதித்து அறிக்கை வாங்குங்கள். கூப்பிட்டும் அவர்கள் வராவிட்டால் அதுவும் பதிவாகும். அப்புறம் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். அறிக்கையும் போட்டோவும் கைக்கு வந்தபிறகு வண்டியை வேறு இடத்தில் சரிசெய்து ஓட்டலாம், தீர்ப்பு வரும்வரை நிறுத்திவைக்கத் தேவையில்லை, கழற்றிய பாகங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்சூரன்ஸை நம்ப வேண்டாம், சாதாரண மோட்டார் பாலிசியில் இயந்திரக் கோளாறுக்கு இழப்பீடு கிடையாது. தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருந்தால் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள்.

ரிப்பேர் செலவு, வண்டியை இழுத்துவந்த கூலி, வேறு வண்டிக்குக் கொடுத்த வாடகை எல்லாவற்றையும் ரசீதோடு கேளுங்கள். சிலிண்டர் ஹெட்டைச் சரிசெய்தால் போதும் என்று இன்ஜினியர் எழுதிக்கொடுத்திருக்கும்போது புது இன்ஜின் கேட்காதீர்கள், நியாயமான மற்ற கோரிக்கைகளையும் அது கெடுத்துவிடும்.